சூட்டும் வாட்டும்: லிங்கராஜபுரத்துப் பெயர்ப்பலகையிலிருந்து மணிலாவின் கனலடுப்பு வரை

பெங்களூரின் வடகிழக்கே, குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகில் உள்ள லிங்கராஜபுரத்தில் மாலை மங்கியதும் கரியடுப்புகள் மூட்டப்படுகின்றன. இப்பகுதியின் கடைத்தெருக்களில் ஒளிரும் உணவகப் பலகைகளை மொழி மாணவர் ஒருவர் நின்று படித்தால், கிரில், பார்பிக்யூ, தந்தூரி, கபாப், ஷவர்மா, அல்ஃபஹம் எனக் குறைந்தது அரை டஜன் சொற்களைக் காண்பார். 2024இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டம், வணிகப் பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருத்தல் வேண்டும் என்கிறது. எனவே எழுத்து கன்னடம். சொல் கன்னடமும் அன்று, தமிழும் அன்று.

இச்சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். அல்ஃபஹம் என்பதிலுள்ள அரபுச் சொல்லான ஃபஹ்ம் ‘கரி’ எனப் பொருள்படும். அது எரிபொருளின் பெயர். வளைகுடா சென்று திரும்பிய மலையாளிகளின் வழியே பெங்களூருக்கு வந்தது. தந்தூரி அடுப்பின் பெயர். கிரில், இலத்தீனில் ‘சிறு தட்டி’ எனப் பொருள்பட்ட சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த, சட்டகத்தின் பெயர். பார்பிக்யூவும் அவ்வாறே: கரீபியத் தீவுகளின் தாய்னோ மக்கள் மரக்குச்சிகளால் கட்டிய சட்டகத்தை அழைத்த சொல், ஸ்பானியர் வாய்ப்பட்டு உலகைச் சுற்றியது. ஷவர்மா ‘திருப்புதல்’ எனப் பொருள்படும் துருக்கியச் சொல்லின் அரபு வடிவம். இவற்றுள் கபாப் ஒன்றே எரித்தல், வாட்டுதல் என்னும் செயலோடு வேரளவில் உறவுடையது. அதன் தொல்வடிவத்தை அக்காடிய மொழிவரை கொண்டு செல்வோர் உண்டு. ஆனால் பெங்களூரின் தெருவோரத்தில் ‘கபாப்’ என்று கேட்டால் கிடைப்பது, சிவப்பு மசாலா மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்த கோழி. கனலில் வாட்டியதன் பெயர் வாணலிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இதனை நகரத்தாரின் பிழை எனச் சிரிப்பதற்கு முன், இடைக்கால அரபுச் சமையல் நூல்களிலும் கபாப் பெரும்பாலும் சட்டியில் வறுத்த இறைச்சியையே குறித்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். சொற்கள் அடுப்பு மாறுவது புதிதன்று.

வியப்பு வேறிடத்தில் உள்ளது. அக்கடையில் கரியைக் கிளறுபவர், தட்டைக் கொண்டுவருபவர், உண்பவர் ஆகியோர் தமிழரோ கன்னடரோ ஆயின், அவர்கள் அனைவர் நாவிலும் ஒரே வினை இருக்கிறது. தமிழில் சுடு, கன்னடத்திலும் சுடு. இறந்தகாலப் பெயரெச்சம் இரண்டிலும் சுட்ட. திராவிட மொழியியல் அறிமுக வகுப்பில் சொல்லித்தரத் தக்க அளவு தெளிவான இன உறவு. தெருவின் இரு மொழிகளுக்கும் பொதுவான இவ்வினைச்சொல் அத்தெருவின் எப்பலகையிலும் ஏறவில்லை.

தமிழில் அதற்குரிய பெயர்ச்சொல் இல்லாமற் போனதால் நேர்ந்தது என்று சொல்லவும் இயலாது. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழியெங்கும் அவனுக்குக் கிடைக்கவிருக்கும் விருந்துகள் நிலம் நிலமாகக் கூறப்படுகின்றன. அதில் வீட்டில் வளர்ந்த கோழியைக் கனலில் இட்டு ஆக்கியது ‘வாட்டு’ எனப்படுகிறது. கள்ளுடன் வரும் சுட்ட மீன் ‘சூட்டு’ எனப்படுகிறது. வாடு என்னும் தன்வினையின் ஒற்று இரட்டித்துப் பிறவினையாகி, அதே வடிவம் உணவின் பெயராகவும் நின்றது வாட்டு. சுடு என்பதன் முதனிலை நீண்டு சூடு. அதன் ஒற்று இரட்டித்துச் சூட்டு. கோழி வாட்டு, மீன் சூட்டு: இன்றைய உணவுப் பட்டியல் எதிலும் அப்படியே எடுத்து வைக்கத்தக்க, நாவில் எளிதில் புரளும், ஐயத்துக்கு இடமற்ற பெயர்கள்.

பொருநராற்றுப்படை இன்னும் உயரத்துக்குச் செல்கிறது. கரிகாலன் அவையில் பொருநனுக்கு அறுகம்புல் மேய்ந்து கொழுத்த செம்மறியின் வேகவைத்த தொடை வருகிறது. பின்னர் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த ஊன்துண்டங்கள் வருகின்றன. கம்பிக்குக் காழ் என்று பெயர். சூடு தாளாமல் துண்டத்தை வாயின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றி மாற்றி ஆற்றித் தின்றதையும், இரவும் பகலும் ஊன் தின்று பற்கள் உழுத கொழுவைப் போல மழுங்கியதையும் பொருநன் சொல்கிறான். கனல் உணவின் இன்பத்தை இத்தனை உடல்சார்ந்த நுட்பத்தோடு கூறிய மொழியில்தான் இன்று கம்பியில் கோத்த இறைச்சிக்கு ‘ஷீக்’ என்ற சொல் தேவைப்படுகிறது.

அப்பெயர்கள் எங்கே போயின? தமிழ்ச் சமையலின் பெயர் ஆக்கத்தில் வறுவல், பொரியல், அவியல், துவையல், மசியல் என -அல் விகுதி மிக வளமாகச் செயற்படுகிறது. இவ்வரிசையில் சுடல் இல்லை. இலக்கணம் அதனைத் தடுக்கவில்லை. ஆயினும் அது உணவின் பெயராக நிலைபெறவில்லை. சுடலை, சுடுகாடு என்னும் சொற்களின் நிழல் அதன்மேல் விழுந்தது ஒரு காரணமாக இருக்கலாம். இது கருதுகோள் அளவிலேயே நிற்கத்தக்கது. ஏனெனில் அதே வினை தோசை சுடவும் வடை சுடவும் பணியாரம் சுடவும் எவ்வித அமங்கலமும் இன்றிப் பயன்படுகிறது. சொல்லப்போனால் அதுவே இரண்டாவது காரணம். சுடுதல் கனலை விட்டுக் கல்லுக்கும் எண்ணெய்க்கும் நகர்ந்து, மாவுப் பண்டங்களின் வினையாகிவிட்டது. பெங்களூரின் கபாப் நடந்த அதே பாதையில் தமிழின் சுடு அதற்கு வெகுமுன்னரே நடந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் மொழிக்கு வெளியே உள்ளது. நண்டு, எலி, ஆற்றுமீன், பனங்கிழங்கு ஆகியவற்றைக் கிடைத்த இடத்தில் சுள்ளி மூட்டிச் சுட்டுத் தின்பது வயலிலும் ஆற்றங்கரையிலும் காட்டிலும் உழைப்போரின் உணவாக நிலைத்தது. பானையும் அடுப்பங்கரையும் குடும்ப மதிப்பின் அடையாளங்களாயின. அரசன் அவையில் பெருமையோடு பரிமாறப்பட்டது, பிற்காலத்தில் வறுமையோடும் சாதித் தாழ்வோடும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. வெளியே சென்று பணம் கொடுத்து உண்ணும் இடமாக உணவகம் உருவானபோது, அது தன் பலகையில் எழுத விரும்பாத சொல்லாகச் ‘சுட்டது’ ஆகியிருந்தது. தமிழகத்திலும் பெங்களூரிலும் புலால் கிடைக்கும் இடத்துக்கு ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்று பெயர் வந்தது; அதன் பட்டியலில் பிரியாணி, வறுவல், சுக்கா, குடல் குழம்பு இருந்தன. கனலுக்கு இடமில்லை.

இதில் பொருளியலுக்கும் பங்குண்டு. முதிர்ந்த ஆட்டின் கடின இறைச்சிக்கு நீரில் நெடுநேரம் வேகும் குழம்பே ஏற்றது. நேரடிக் கனல் இளம் இறைச்சியைக் கேட்கும். பிராய்லர் கோழி பரவி இளம் இறைச்சி மலிவானபோதுதான் தெருமுனையில் கனலடுப்பு கட்டுபடியாகும் தொழிலாயிற்று. கோழி வந்தபோதே தந்தூரியும் கிரில்லும் தங்கள் பெயர்களோடு உடன் வந்துவிட்டன. கைவிடப்பட்டிருந்த வாட்டினைத் தேடி எடுக்க எவருக்கும் தேவை எழவில்லை.

அந்நிய ஆட்சியும் நகர வணிகமும் வந்தால் இது தவிர்க்க இயலாததா என்பது அடுத்த வினா. ஒப்பிட்டு நோக்கத்தக்க சான்று வங்கக்கடலுக்கும் அப்பால், ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கப்பல்கள் நேரே சென்ற ஊரில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1565 முதல் 1898 வரை ஸ்பெயினிடமும், பின்னர் 1946 வரை அமெரிக்காவிடமும் இருந்த நாடு. அங்கு குடும்பத்தோடும் நண்பரோடும் ஆரவாரமின்றிச் சென்று உண்ணும் உணவகங்களுள் கனலடுப்பு உணவகம் மிகப் பரவலானது. பட்டியலில் முதலில் நிற்கும் சொல் இனிஹாவ்.

இஹாவ் என்பது தகலோக் மொழியில் சுடுதலைக் குறிக்கும் வேர். -இன்- என்னும் இடைச்செருகல் அதன் முதல் மெய்யொலிக்குப் பின் நுழைகிறது. அம்மெய் எழுத்தில் காட்டப்படாத குரல்வளை ஒலி என்பதால், பார்வைக்கு முன்னொட்டுப் போலத் தோன்றும். சிகாங் என்னும் வேரில் அதே உருபு நுழைந்து சினிகாங் என்ற புளிப்புச் சாறு ஆகும்போது இடைச்செருகல் வெளிப்படையாகத் தெரியும்; கிலாவ் என்பது கினிலாவ் ஆகும்போதும் அவ்வாறே. இவ்வுருபு, செயலுக்கு உட்பட்ட பொருளையும் செயல் தொடங்கி நிறைவுற்றதையும் ஒருசேரக் காட்டும். ஆகவே இனிஹாவ் என்பதற்கு நேரான தமிழ் ‘சுட்டது’ என்னும் வினையாலணையும் பெயர். சந்தைச் சொல்லாகவோ கவிதைச் சொல்லாகவோ அன்றி, அன்றாட இலக்கணத்திலிருந்து பிறந்த வினைவடிவமே அங்கு உணவகத்தின் பலகையில் ஏறியிருக்கிறது.

ஹிலிகாய்னோன் மொழி பேசும் மேற்கு விசயாஸ் பகுதியில் கோழிக்கு வழங்கும் பெயர் இனசால். அதுவும் அதே உருபு கொண்டது. எலுமிச்சைப்புல், பூண்டு, காடி, கலமன்சி எனும் சிற்றெலுமிச்சை ஆகியவற்றில் ஊறிய கோழியைக் கனலில் வைத்து, சாப்பிரா விதையின் செந்நிறம் ஏறிய எண்ணெயைத் தடவித் தடவிச் சுடுகிறார்கள். அவ்விதை மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் வந்தது. அசால் என்னும் வேரே ஸ்பானிய ‘அசார்’ என்பதிலிருந்து வந்ததா என்ற விவாதமும் உண்டு. வேர் அந்நியமாயினும் உருபு உள்ளூருடையது. 2003இல் எட்கர் சியா என்னும் இளைஞர் இலோயிலோ நகரில் தொடங்கிய உணவகத்துக்கு மாங் இனசால் என்று பெயரிட்டார். மாங் என்பது வயதில் மூத்த ஆடவரை மதித்து அழைக்கும் சொல். தமிழில் ‘சுட்டகோழி அண்ணாச்சி’ என்பதற்கு நெருங்கிய தொனி. ஏழே ஆண்டுகளில் ஜாலிபீ நிறுவனம் அதன் 70 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. விரும்பும் அளவு சோறு என்பது அவ்வுணவகத்தின் ஈர்ப்பு. அளவற்ற சோற்றைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று செனட்டர் ஒருவர் 2017இல் பேசியபோது எழுந்த எதிர்ப்பைத் தமிழ் வாசகர் எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

மேசையில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. சுட்ட மீனோ பன்றியிறைச்சியோ எளிய சுவையோடே வந்து சேரும். அருகில் காடி, சோயா, கலமன்சி, மிளகாய் ஆகியவை தனித்தனியே இருக்கும். உண்பவர் தமக்கு வேண்டியபடி கலந்து தொட்டுக்கொள்வார். இதற்குச் சவ்சாவன் என்று பெயர். பிலிப்பைன்ஸ் உணவு வரலாற்றை எழுதிய டோரீன் ஃபெர்னாண்டஸ் (1934–2002), சமைப்பவரோடு உண்பவரும் சுவையை முடிவுசெய்யும் பண்பாடாக இதனைக் கண்டார். தமிழகத்து உணவகத்தில் சமையற்காரரே குழம்பின் முடிவான சுவைக்கு உரியவர். அங்கு அவ்வுரிமை மேசையில் பகிரப்படுகிறது.

இதனைக் கொண்டு பிலிப்பைன்ஸை மொழித் தூய்மையின் எடுத்துக்காட்டாக்குவது தவறு. மூங்கில் குச்சியில் கோத்த பன்றியிறைச்சிக்கு அங்கும் பார்பிக்யூ என்றே பெயர். தெருவோரக் கனலில் சுடும் கோழிக்கால் அடிடாஸ், கோழித்தலை ஹெல்மெட், செவ்வகமாக வெட்டிய உறைந்த இரத்தம் பீட்டாமேக்ஸ்! கழிவென ஒதுக்கப்படும் உறுப்புகளுக்கு விலையுயர்ந்த பொருள்களின் பெயர்களைச் சூட்டிய அந்த நகைப்பு தனி ஆய்வுக்கு உரியது. வேறுபாடு இதுதான்: அயற்சொல் வந்தபோது சொந்த வினை வெளியேறவில்லை.

படைத்தளத்தின் நிழல் அங்கும் உண்டு. சிசிக் என்ற சொல் 1732இல் வெளிவந்த பெர்கான்யோ பாதிரியாரின் கபம்பாங்கன் அகராதியில் புளிப்பான பச்சைக் கலவையைக் குறிக்கிறது. இன்று அது பன்றித் தலையின் இறைச்சியை வேகவைத்து, கனலில் வாட்டி, நறுக்கிப் பரிமாறும் உணவு. அமெரிக்கரின் கிளார்க் விமானப்படைத் தளத்தில் பயன்படாமற்போன பன்றித் தலைகள் மலிவாகக் கிடைத்ததே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஆஞ்சலஸ் நகரின் இரயில் கடவை அருகே கடை வைத்திருந்த லூசியா குனானன் 1970களில் அதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். உணவு முற்றிலும் மாறியது, பெயர் மாறவில்லை.

படைத்தளம் என்றதும் சென்னைக்கும் மணிலாவுக்கும் இடையிலான கடல்வழி நினைவுக்கு வருகிறது. சோழமண்டலத் துணி மணிலா சென்று அமெரிக்க வெள்ளியாகத் திரும்பிய வணிகம் பதினேழாம் நூற்றாண்டிலேயே செழித்திருந்தது. அடையாற்றின் மீது சைதாப்பேட்டையில் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் செல்வத்தில் பெரும்பங்கு மணிலா வணிகத்தில் ஈட்டியது. 1762 ஆகஸ்டில் அதே வழியில் படை சென்றது. கர்னல் வில்லியம் டிரேப்பர், கடற்படைத் தளபதி சாமுவேல் கார்னிஷ் ஆகியோரின் தலைமையில் சென்னையிலிருந்து புறப்பட்ட அப்படையில் சுமார் 600 சிப்பாய்கள் இருந்தனர். அக்டோபர் 6 அன்று மணிலா வீழ்ந்தது. சென்னை ஆட்சிக்குழுவின் டாசன் டிரேக் ஆளுநராக அமர்ந்தார். 1764இல் நகரம் ஸ்பெயினிடம் திருப்பித்தரப்பட்டபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கப்பல் ஏறவில்லை. மணிலாவின் கிழக்கேயுள்ள கைந்தாவில் மணமுடித்துத் தங்கிவிட்டனர்.

இங்குதான் ஆய்வாளருக்குச் சோதனை. பிலிப்பைன்ஸின் புகழ்பெற்ற கரே-கரே என்னும் நிலக்கடலைக் குழம்பு, கைந்தாச் சிப்பாய்களின் கறியிலிருந்து பிறந்தது என்றொரு கதை வழங்குகிறது. தமிழ் ஊடகங்களுக்கு இதைவிட இனிப்பான தலைப்பு கிடைக்காது. ஆயினும் மூன்று தடைகள் உள்ளன. அச்சிப்பாய்கள் அனைவரும் தமிழ் பேசியோர் எனக் கொள்ள இயலாது. சென்னைப் படையில் பல மொழியினர் இருந்தனர். கறி என்னும் சொல் மலாய், போர்த்துக்கீசிய வணிகரின் வழியாகவும் தென்கிழக்காசியாவில் உலவியது. ‘கறி போன்றது’ என்னும் பொருளில் சொல் இரட்டித்தது என்பாரும் உளர்; ஆனால் தகலோக்கில் போலிப் பொருள் தரும் இரட்டிப்பு வழக்கமாக -அன் என்னும் பின்னொட்டோடு வரும், வெறும் இரட்டிப்பு அப்பொருளைத் தெளிவாகத் தராது. கைந்தாவில் சிப்பாய்கள் தங்கியது வரலாறு. அவர்கள் என்ன சமைத்தார்கள் என்பது பிற்காலத்தார் விரும்பிச் சொல்லும் கதை.

அதே சென்னைப் படையின் மற்றொரு தடம்தான் லிங்கராஜபுரத்தை நோக்கி வருகிறது. 1809இல் பெங்களூர் கன்டோன்மென்ட் அல்சூரை ஒட்டி அமைந்தபோது படையோடு சமையற்காரர், கட்டடத் தொழிலாளர், வணிகர் எனத் தமிழர் பெருமளவில் குடியேறினர். சென்னைச் சாப்பர்ஸ் படைப்பிரிவினருக்கு இன்றும் ‘தம்பி’ என்றே பட்டப்பெயர். 1898இன் கொள்ளைநோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்கப் பிரேசர் டவுன் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. 1949இல் நகரமும் கன்டோன்மென்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தபின், அதன் வடவிளிம்பில் கிடந்த லிங்கராஜபுரம் போன்ற ஊர்களை நகரம் மெல்ல விழுங்கியது. கன்டோன்மென்டின் தமிழ்ப் பேச்சும் அங்குப் பரவியது. கைந்தாவில் தங்கியோரின் மொழி சில தலைமுறைகளில் கரைந்தது. கன்டோன்மென்டில் தங்கியோரின் மொழி இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஆயினும் அது வீட்டிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் நின்றதே அன்றி, உணவகப் பட்டியலை எழுதும் இடத்துக்கு வரவில்லை. வெளியே உண்ணும் உணவுக்குப் பெயரிடும் அதிகாரம் முதலில் துரைமார் மெஸ்ஸுக்கும், பின்னர் உருதுக்கும், இப்போது வளைகுடாவுக்கும் உரியதாக இருந்துவருகிறது. தன் உழைப்பால் அடுப்பெரித்தவர்களின் மொழிக்கு அது ஒருபோதும் கிட்டவில்லை.

கனலடுப்பு உணவகங்களுக்கு வெளியே, மழை நாள்களில் பெங்களூரின் சாலையோரங்களில் தள்ளுவண்டிகள் நிற்கும். சிறு இரும்புச் சட்டியில் கரி. விசிறியால் வீசினால் பொறி பறக்கும். மேலே மக்காச்சோளக் கதிர்கள். பக்கத்துப் பாத்திரத்தில் வேகவைத்த கதிர்களும் இருக்கும். அவ்வண்டிகளில் பலகை கிடையாது. வாங்க வருபவர் தமிழ் பேசினால், எலுமிச்சைத் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டபடியே விற்பவர் கேட்பார்: “சுட்டதா, வெந்ததா?”